பரிந்து பேசுவதும் ஓர் அமானிதம்: கண்ணியமிகு காயிதே மில்லத்தின் மக்கள் பணி



தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு எழுகிறது. “நம்மவர் ஒருவரை அனுப்பி என்ன கண்டோம்? எழுந்து பேசினார், தீர்மானம் தோற்றது, உட்கார்ந்தார். அவ்வளவுதானே?” பள்ளிவாசல் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் இதை நாம் கேட்டிருக்கிறோம். சில வேளைகளில் நாமே சொல்லியும் இருக்கிறோம். இந்தக் கேள்விக்கு மார்க்கத்திலும் விடை இருக்கிறது, நம் மண்ணின் வரலாற்றிலும் விடை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்மையான காரியத்திற்காகப் பரிந்து பேசுபவருக்கு அந்த நன்மையில் ஒரு பங்கு உண்டு என்று திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 85ஆம் வசனம் அறிவிக்கிறது. தேவையுடையோர் வரும்போது அவர்களுக்காகப் பரிந்து பேசுமாறு தோழர்களை ஏவிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதற்குக் கூலி உண்டு என்றும், முடிவு அல்லாஹ்வின் நாட்டப்படியே அமையும் என்றும் கூறியதாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வருகிறது. கூலி பேசியதற்கு உரியது. வென்றால்தான் கூலி என்று அங்கே நிபந்தனை இல்லை.

விடுதலை பெற்ற பரீரா (ரலி) அவர்களிடம், கணவர் முகீஸுடன் சேர்ந்து வாழுமாறு நபியவர்கள் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று அப்பெண்மணி கேட்டார். பரிந்துரை மட்டுமே என்றார்கள் நபியவர்கள். அவர் மறுத்துவிட்டார். அதற்காக அவரை நபியவர்கள் கடிந்துகொள்ளவும் இல்லை. அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையே ஏற்கப்படாத ஒரு நாள் இருந்தது என்றால், சபையில் தோற்றுப்போன தீர்மானத்தைப் பார்த்து நாம் ஏளனம் செய்ய என்ன இருக்கிறது?

இந்தப் பாடத்தைத் தம் வாழ்வால் விளக்கியவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்கள். திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5ஆம் நாள் பிறந்தார். கல்லூரிப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டத்தைத் துறந்தார். தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 தேர்தலுக்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்தார்.

நாடு பிரிந்த பின் முஸ்லிம்களின் நிலை என்னவாயிருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தலைவர்கள் பலர் எல்லை கடந்து போய்விட்டார்கள். இருந்தவர்கள் மீது ஐயப் பார்வை விழுந்தது. முஸ்லிம் லீக்கைக் கலைத்துவிடுவதே நல்லது என்று வெளியாரும் சொன்னார்கள், நம்மவர்களும் சொன்னார்கள். அந்த நேரத்தில், 1948 மார்ச் 10ஆம் நாள், சென்னையில் கூடிய கூட்டம் இயக்கத்தை இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் தொடர்வதென முடிவு செய்து, இஸ்மாயீல் சாஹிபைத் தலைவராக்கியது. பதவியும் செல்வாக்கும் தேடி வரும் தலைமையன்று அது. பழியும் சந்தேகமும் காத்திருந்த தலைமை.

எட்டு மாதங்கள் கழிந்தன. 1948 நவம்பர் 23ஆம் நாள், நாடு முழுவதற்கும் ஒரே உரிமையியல் சட்டத்தைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்ற பிரிவு டெல்லியில் விவாதத்திற்கு வந்தது. வரைவில் அது 35ஆம் பிரிவு. இன்று 44ஆம் பிரிவு. இஸ்மாயீல் சாஹிப் எழுந்து ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். தமக்கென ஒரு தனிச் சட்டத்தை உடைய எந்தக் குழுவும், எந்தப் பிரிவும், எந்தச் சமூகமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதே அதன் சாரம்.

அத்திருத்தத்தில் முஸ்லிம் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தப் பாதுகாப்பு சிறுபான்மையினருக்கு மட்டுமன்று, பெரும்பான்மைச் சமூகம் உள்ளிட்ட அனைவருக்கும் உரியது என்பதை அவர் சபையில் எடுத்துச் சொன்னார். தனிச் சட்டம் ஒரு மக்களின் வாழ்வு முறையில் ஒரு பகுதி, அவர்களின் மார்க்கத்திலும் பண்பாட்டிலும் ஒரு பகுதி என்று வாதிட்டார். செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர் ஆகியோரின் அரசு, தன் முஸ்லிம் குடிமக்களின் குடும்பச் சட்டத்தைக் காக்க ஒப்பந்தத்தால் கடமைப்பட்டிருந்ததை ஐரோப்பாவிலிருந்து எடுத்துக்காட்டினார். மக்களிடையே நல்லிணக்கம் வேண்டுமென்றால் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கத் தேவையில்லை என்பது அவருடைய வாதம். குரலில் வெறுப்பில்லை, கெஞ்சலும் இல்லை.

போக்கர் சாஹிபும் மஹ்பூப் அலீ பேக் சாஹிபும் அதே நோக்கில் பேசினார்கள். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினார்கள். திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. எனினும், வருங்கால நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தை முதலில் விரும்பி ஏற்போருக்கு மட்டும் உரியதாக ஆக்கலாம் என்று அவர் தம் பதிலுரையில் ஒரு வழியைச் சுட்டிக்காட்டினார். வாக்கெடுப்பில் திருத்தம் தோற்றது. ஆனால் அந்த வாதமும் அந்தப் பதிலும் சபைக் குறிப்பேட்டில் பதிந்தன. இன்றுவரை அப்பிரிவைப் பற்றி விவாதிக்கும் எவரும் அந்த நாளின் பக்கங்களைப் புரட்டாமல் இருக்க முடிவதில்லை. தோற்ற சொல் அழிந்துபோன சொல் அன்று.

அவர் கேட்டவையெல்லாம் நம் சமுதாயம் ஒருமனதாகக் கேட்டவை என்று சொல்வதும் நேர்மையாகாது. தனித் தொகுதி முறை தொடர வேண்டும் என்று 1949 மே மாதம் அவர் வாதிட்டபோது, பேகம் அய்ஸாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள். அதுவும் ஏற்கப்படவில்லை. தோல்விகள் தொடர்ந்தன. அவரோ சபையை வெறுத்து வெளியேறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மொழி விவாதம் வந்தபோது மீண்டும் எழுந்தார். தொன்மையே அளவுகோல் என்றால் இம்மண்ணில் பேசப்படும் மொழிகளில் தமிழும் அதன் உறவு மொழிகளுமே முந்தியவை என்று துணிந்து சொன்னார். மார்க்கத்திற்காகப் பேசிய அதே நாவுதான் தாய்மொழிக்காகவும் பேசியது.

சபையில் பேசுவதோடு பணி முடிந்துவிடும் என்று அவர் எண்ணவில்லை. கல்வியில்லாத சமுதாயத்திற்கு உரிமை கிடைத்தும் பயனில்லை என்பதை உணர்ந்து, கல்லூரிகளை உருவாக்குமாறு வசதி படைத்தோரைத் தூண்டினார். சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் தோன்றின. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் வந்தது. அவற்றின் வகுப்பறைகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள்.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்த அவரை, 1962இல் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. 1967இலும் 1971இலும் அதே தொகுதி அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. பேட்டையில் பிறந்த தமிழரை மலையாள மண் மும்முறை தன் பிரதிநிதியாக ஏற்றது. வாக்குக் கேட்டுத் தொகுதியெங்கும் அலையாமலே அவர் வென்றார் என்று மலபாரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அவர் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், லீக் பங்கு பெற்ற கேரளக் கூட்டணி ஆட்சியில், 1968இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகமும் 1969 ஜூன் 16இல் மலப்புறம் மாவட்டமும் பிறந்தன. கல்வியிலும் சாலையிலும் மருத்துவத்திலும் பின்தங்கிக் கிடந்த ஒரு வட்டாரத்திற்கு ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது. அன்று அம்மாவட்டத்தை ஐயத்தோடு பார்த்தவர்கள் பலர். காலம் அந்த ஐயத்திற்குப் பதில் சொல்லிவிட்டது.

இனி நம்மைப் பற்றி. ஒருவருக்காகப் பரிந்து பேசி, அதற்கு அன்பளிப்பு பெற்றுக்கொள்பவர் வட்டியின் பெரியதொரு வாசலை அடைந்துவிட்டார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி வருகிறது. சிபாரிசுக் கடிதத்திற்கு விலை வைப்போரும், அந்த விலையைக் கொடுத்துக் காரியம் முடிப்போரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். காயிதே மில்லத் அவர்கள் குரோம்பேட்டையில் எளிய வாழ்வு வாழ்ந்தார்கள். பதவி அவர்களுக்குச் செல்வம் சேர்க்கும் வழியாக இருக்கவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. அதனால் பல இடங்களில் வழக்காறு என்ற பெயரில் பெண்மக்களுக்கு நிலத்தில் பங்கு மறுக்கப்பட்டு வந்தது. காயிதே மில்லத் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1949இல், சென்னை மாகாணச் சட்டத் திருத்தம் அந்த விதிவிலக்கை நீக்கியது. வயலிலும் தோப்பிலும் மகளுக்குரிய பங்கைச் சட்டம் உறுதி செய்தது. இப்போது நம் ஊர்களைப் பாருங்கள். “சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன பங்கு?” என்று சகோதரியிடம் கையெழுத்து வாங்கும் வீடுகள் இல்லையா? ஃபராயிழ் பாடத்தை மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாம், நம் வீட்டுப் பாகப்பிரிவினையின்போது அக்கிதாபை மூடி வைத்துவிடுகிறோமா? எந்தச் சட்டத்திற்காக ஒருவர் நிறைந்த சபையில் தனித்து நின்று வாதாடினாரோ, அதை நம் முற்றத்தில் நாமே தோற்கடித்தால், அவர் யாருக்காகப் பேசினார்?

ஆகவே, தேர்தல் வரும்போது வேட்பாளரிடம் கேளுங்கள்: தோற்போம் என்று தெரிந்தாலும் நியாயத்திற்காக எழுந்து நிற்பீரா? நமக்குக் கேட்பதைப் பிறருக்கும் சேர்த்துக் கேட்பீரா? அன்பளிப்பின்றிப் பரிந்து பேசுவீரா? கேட்டுவிட்டு வீடு திரும்பி, நாம் பெற்ற உரிமையை நம் மனைவி, மகள், சகோதரி விஷயத்தில் நிறைவேற்றினோமா என்று நம்மையும் கேட்போம். அமானிதம் பிரதிநிதியின் தோளில் மட்டும் இல்லை.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் இறைவனளவில் மீண்டார். பின்னாளில் ஒரு மாவட்டத்திற்கே அவர் பெயர் சூட்டப்பட்டது, பிறகு அது நீக்கவும்பட்டது. பெயர்ப் பலகைகள் ஏறும், இறங்கும். சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடங்கியிருக்கிறார். அங்கே தொழச் செல்வோர் ஒரு நொடி நின்று ஸலாம் சொல்லி துஆச் செய்வோம்.

யா அல்லாஹ்! அன்னாரின் நற்பணிகளை ஏற்று, அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. எங்களுக்காகப் பேசுவோரை உண்மையாளர்களாகவும், எங்களை அவர்கள் கேட்ட உரிமைக்குத் தகுதியானவர்களாகவும் ஆக்குவாயாக. ஆமீன்.