பன்னிரண்டு படிகளும் வாசலில் நின்றவர்களும்

சென்னை ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் மின்கம்பங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு வகை நோட்டீஸ் கண்ணில் படும். ஒன்று, குடிப்பவருக்கே தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்கிற மருந்து. இன்னொன்று, மறுவாழ்வு மையம். போன் பண்ணினால் வண்டி வீட்டுக்கே வரும், நாலு பேர் இறங்கி ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. குடிக்கிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. (முதல் வகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டைசல்ஃபிராம் மாதிரி மருந்தை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதற்கு மேல் குடித்துவிட்டால், படபடப்பும் ரத்த அழுத்தச் சரிவும் வந்து உயிரே போகலாம். டாக்டர் இல்லாமல் தொடக்கூடாத சமாச்சாரம்.)

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதற்கு பீஸ் கிடையாது. வண்டி வராது. யாரும் கதவைப் பூட்ட மாட்டார்கள். குடித்துச் சீரழிந்தவர்களே வட்டமாக உட்கார்ந்து, குடித்துச் சீரழிந்துகொண்டிருப்பவரோடு பேசுகிற கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. அதன் வழியில் வந்தவை நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்கிற என்ஏ, குடும்பத்தாருக்கான அல்-அனான், இன்னும் பல. எல்லாவற்றுக்கும் மீள்கிற வழி அதே பன்னிரண்டு படிகள்தான். அப்புறம் ஏன் இத்தனை சங்கம், எதில் போய்ச் சேருவது என்று கேட்கிறவர்களுக்குக் கொள்கை விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தது என்று சொன்னால் போதும். முந்தைய அறையில் உட்கார இடம் கிடைக்காத ஒருவர் அடுத்த அறையைத் திறந்திருக்கிறார். கதை மொத்தமும் அதுதான்.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்கிற டயர் ஊர். நியூயார்க் பங்குச்சந்தையில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, குடியால் எல்லாவற்றையும் தொலைத்த பில் வில்சன், ஒரு கம்பெனி விவகாரமாக அங்கே வந்திருந்தார். வந்த காரியம் புட்டுக்கொண்டது. கையில் காசில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். மறுபக்கம் ஒரு டெலிபோன், பக்கத்தில் ஊரிலுள்ள சர்ச்சுகளின் பட்டியல்.

அந்த ஐந்து மாதமும் அவர் நியூயார்க்கில் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசியிருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி லூயிஸிடம் புலம்பியபோது, ‘நீங்கள் குடிக்கவில்லையே’ என்றாராம் அவர். ஆக்ரன் லாபியில் பில்லுக்கு அது உறைத்தது. இன்னொரு குடிகாரனோடு பேசியாக வேண்டும், அவனைக் காப்பாற்ற இல்லை, தான் தப்பிக்க. பாரைத் தாண்டி டெலிபோனுக்குப் போனார். ஒரு பாதிரியார் மூலமாக, ஊரின் டயர் கம்பெனிக் குடும்பத்து மருமகள் ஹென்ரியட்டா சைபர்லிங் கிடைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு சர்ஜன் இருந்தார். டாக்டர் பாப் ஸ்மித்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குச் சந்திப்பு. அன்று அங்கே அன்னையர் தினம். முந்தின நாள் டாக்டர், மனைவிக்கென்று ஒரு பூந்தொட்டியை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்படியே மட்டையாகியிருந்தார். ‘கால் மணி நேரம்தான் இருப்பேன்’ என்று சொல்லிவிட்டு வந்தவர், இரவு பதினோரு மணிக்கு மேல்தான் எழுந்தார். அவருக்கு உபதேசம் புதிதல்ல, மருத்துவமும் புதிதல்ல. தன்னைப் போலவே விழுந்து கிடந்த ஒருவன், தன் கதையை மட்டும் சொன்னதுதான் புதிது.

அதோடு சுபம் இல்லை. அடுத்த மாதமே டாக்டர் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய், முட்டக் குடித்துவிட்டுத் திரும்பினார். இரண்டொரு நாளில் ஆபரேஷன் ஒன்று பாக்கி. கை நடுங்குகிறது. அன்று காலை பில்லே ஒரு பீர் பாட்டிலைக் கொடுத்து நடுக்கத்தை அடக்கி அனுப்பினார். 1935 ஜூன் 10. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது அன்றுதான். ஏஏ அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. (அந்த நடுக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், சாவும் நேரலாம். மீட்டிங்குக்கு முன்னால் ஆஸ்பத்திரி. போரூர் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.)

பன்னிரண்டு படிகள் பிறகு எழுதப்பட்டவை. மூன்று வருஷம் வாய்மொழியாக ஆறு படிகள்தான் புழங்கின. 1938 டிசம்பரில், புரூக்ளினில் கிளிண்டன் தெரு 182-ஆம் எண் வீட்டில், பில் கட்டிலில் படுத்தபடி தாளில் கிறுக்கினார். குடிகாரன் நழுவிப்போக இடுக்கு இருக்கக் கூடாது என்று ஆறை உடைத்து உடைத்து எழுத, அரை மணி நேரத்தில் பன்னிரண்டு ஆகிவிட்டது. குடியின் முன்னால் நாம் செயலற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது முதல் படி. நம்மைவிடப் பெரிய சக்தியிடம் ஒப்படைப்பது, செய்த தவறுகளைப் பட்டியலிட்டு இன்னொருவரிடம் சொல்வது, கெடுத்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது என்று போய், இந்தச் செய்தியை அடுத்த குடிநோயாளியிடம் கொண்டுபோவதில் முடியும்.

எழுதியதைக் காட்டியதும் சண்டை. முக்கியமாக ஜிம் பர்வெல் என்கிற சேல்ஸ்மேன். கடவுள் பேச்சை எடுத்தாலே எகிறுகிறவர். அவரும் அவரைப் போன்ற சிலரும் விடாமல் மல்லுக்கட்டியதால்தான் கடவுள் என்ற இடங்களில் ‘நாங்கள் புரிந்துகொண்டபடி’ என்கிற ஒட்டு வந்தது, ஏழாம் படியில் மண்டியிட்டு வேண்டுவது நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஏஏ கூட்டத்தில் உட்கார முடிகிறதென்றால், அந்த ஒட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டமே என் உயர் சக்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனாலும் கடவுள் வாடை முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பிடிக்காதவர்களுக்கு அது கடைசிவரை உறுத்தும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 1940 பிப்ரவரியில் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் இவர்களுக்காக நியூயார்க்கில் ஒரு விருந்து வைத்தார். பெரிய பெரிய முதலாளிகள் வந்து கேட்டார்கள். கோடிகள் கொட்டப்போகிறதென்று ஏஏக்காரர்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருக்க, அப்பாவுக்குப் பதிலாக வந்த நெல்சன் ராக்ஃபெல்லர், இது நல்லெண்ணத்தால் நடக்கிற வேலை, இதற்குப் பணம் தேவையில்லை என்கிற அர்த்தத்தில் பேசி முடித்தார். எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த ஏமாற்றமே பிறகு விதியானது. 1950-ல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் ஏழாவது, வெளியாரிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. மீட்டிங்கில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். இல்லாதவர் போட வேண்டாம். இந்த விஷயத்தில் ராக்ஃபெல்லர் கொடுக்காமல் விட்டதுதான் அவர் கொடுத்ததிலேயே பெரிய நன்கொடை என்பேன்.

சரி, வாசலில் நின்றவர்கள் யார்? முதலில் மனைவிகள்.

பில் குடியை விட்ட புதிதில் ஒருநாள், மீட்டிங்குக்கு நேரமாயிற்று, கிளம்பு என்று லூயிஸிடம் சொன்னார். லூயிஸ் கையிலிருந்த செருப்பை விட்டெறிந்து, ‘உங்கள் மீட்டிங் நாசமாகப் போக’ என்று கத்தினாராம். அவருக்கே ஆச்சரியம். பதினேழு வருஷம் எதற்காக ஏங்கினாரோ அது நடந்துவிட்டது, பிறகு ஏன் இந்தக் கோபம்? குடித்த காலத்தில் பில்லைத் தாங்கியது லூயிஸ். இப்போது அவரைத் தாங்க ஒரு கூட்டமே இருக்கிறது, லூயிஸுக்கு வேலையில்லை. மற்ற மனைவிகளும் அப்படித்தான். ஆண்கள் உள்ளே பேசுவார்கள், இவர்கள் அடுக்களையில் காபி போடுவார்கள், இல்லையென்றால் வெளியே காரில் காத்திருப்பார்கள். 1951-ல் லூயிஸும் ஆன் என்கிற தோழியும் அந்தக் காத்திருந்தவர்களைச் சேர்த்துத் தொடங்கியதுதான் அல்-அனான். ஆறு வருஷம் கழித்து, பிள்ளைகளுக்காக அலட்டீன்.

அல்-அனான் படிகளில் மாற்றியது கொஞ்சமே கொஞ்சம். பன்னிரண்டாம் படியில் ‘குடிநோயாளிகளிடம்’ என்ற இடத்தில் ‘மற்றவர்களிடம்’ என்று போட்டுக்கொண்டார்கள். முதல் படி அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு குடிக்காத பெண், குடியின் முன்னால் நான் செயலற்றவள் என்று சொல்ல வேண்டும். முதலில் கேட்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு அளவு பார்த்தவள், கணவர் சட்டைப்பையிலிருந்து சம்பளத்தை உருவி அரிசி டப்பாவுக்குள் ஒளித்தவள், ‘அவருக்குக் காய்ச்சல் சார்’ என்று கம்பெனிக்கு போன் பண்ணியவள், இதில் எதுவும் அவரை ஒருநாள்கூட நிறுத்தவில்லை என்று ஒருநாள் உட்கார்ந்து ஒப்புக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கும். என்னைக் கேட்டால் இந்தச் சங்கக் குடும்பத்திலேயே துணிச்சலான அறை இதுதான்.

அடுத்து வாசலில் நின்றவர்கள் ஊசியும் மாத்திரையும் எடுத்தவர்கள். ஏஏ மீட்டிங்கில் அதைப் பேச ஆரம்பித்தால், இங்கே மதுவைப் பற்றி மட்டும் பேசுவோமே என்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஒரே நோக்கம் என்ற பிடி தளர்ந்தால் கூட்டமே கலைந்துவிடும் என்று பயந்தார்கள். அதோடு, சாராயம் குடிப்பது சட்டப்படி சரி, ஹெராயின் வைத்திருந்தால் ஜெயில். கென்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த மத்திய அரசின் போதை ஆஸ்பத்திரியில் 1947-லேயே படிகளை வைத்து ஒரு முயற்சி நடந்தது. ஆனால் இன்றைய என்ஏ பிறந்தது 1953-ல், லாஸ் ஏஞ்சலஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில். முன்னின்றவர் ஜிம்மி கின்னன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ஏஏ வழியாகவே திருந்தியவர். முதலில் சங்கத்தின் பெயரில் ஏஏ, என்ஏ இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். படிகளை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை எடுக்காதீர்கள் என்றது ஏஏ.

அந்த மறுப்பு என்ஏவுக்கு நல்லதாகவே முடிந்தது. முதல் படியில் மதுவை எடுத்துவிட்டு என்ன போடுவது என்று யோசித்தவர்கள், ஹெராயின், கஞ்சா, மாத்திரை என்று சரக்குப் பட்டியல் போடவில்லை. அடிமைத்தனத்தின் முன்னால் செயலற்றவர்கள் என்று எழுதினார்கள். அதனால் என்ஏவில் மதுவும் ஒரு போதைப்பொருள்தான். ‘பவுடரை விட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பீர் மட்டும்’ என்பது அங்கே செல்லாது. பிறகு 1957-ல் சூதாடிகள், 1960-ல் அளவில்லாமல் தின்பவர்கள், 1982-ல் கோக்கெய்ன்காரர்கள் என்று தனித்தனியாகப் படிகளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்தியாவுக்கு ஏஏ வந்தது 1957-ல், பம்பாயில். சென்னையின் கதையில் பெரிய திருப்பம் 1979. பிரஸ்டீஜ் குக்கரின் டிடிகே குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் குடிநோயால் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மறு வருஷமே கணவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அடையாறை அடுத்த இந்திரா நகரில் இருக்கிற டிடிகே ஆஸ்பத்திரி. பணக்கார வீட்டு மருமகள், குடியை மூடி மறைக்கிற வழக்கமுள்ள ஊரில், என் கணவர் இதனால்தான் செத்தார் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்ததே பெரிய காரியம். லூயிஸின் கதைக்கும் இதற்கும் உறவு உண்டு. இதற்கிடையே தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1981-ல் தளர்ந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்தன. ஆஸ்பத்திரிக்கு ஆள் குறையவேயில்லை.

சாந்தி பயிற்சிக்குப் போன இடம் மின்னசோட்டாவின் ஹேசல்டன். அங்கே வேரூன்றிய முறையில் படிகள் ஆஸ்பத்திரிக்குள் வந்தன. டாக்டர், மனநல நிபுணர், கவுன்சலர் எல்லோரும் இருப்பார்கள், குடியை விட்டவர்களே கவுன்சலராகவும் இருப்பார்கள். 1989-ல் மஞ்சக்குடி என்கிற தஞ்சை மண்டலத்துக் கிராமத்தில் டிடிகே குழு முகாம் போட்டபோது, பதினைந்து நாள் ஊரே ஆஸ்பத்திரி வார்டானது. வேலை போய்விடும் என்று பயந்து பட்டணத்துக்கு வராத விவசாயக் கூலிகளுக்கு வாசல் அவர்கள் ஊரிலேயே திறந்தது.

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து ஆட்களுக்குக் குழப்பம். படிகளைச் சொல்லித்தருகிற மறுவாழ்வு மையம் வேறு, ஏஏ வேறு. ஏஏ எந்த மையத்தையும் நடத்துவதில்லை, யாருக்கும் பீஸ் போடுவதில்லை, யாரையும் அடைத்து வைப்பதில்லை. சுவரில் பன்னிரண்டு படிகளை மாட்டிவைத்துவிட்டு ஆளை அறைக்குள் போட்டுப் பூட்டுகிற இடத்துக்கும் ஆக்ரன் லாபிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மையத்தில் சேர்ப்பதற்கு முன்னால் அரசு உரிமம் இருக்கிறதா, எந்த டாக்டர் தினமும் வருகிறார், குடும்பத்தார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பதிலில் இழுவை தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

பலன் இருக்கிறதா? 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை வைத்து அலசியது. முறையாக ஏஏவில் சேர்த்துவிடுகிற சிகிச்சை, குடியை முற்றிலும் விட்டிருப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடப் பின்தங்கவில்லை, பல இடங்களில் முந்தியும் இருந்தது. அந்த அலசல் மதுவைப் பற்றியது மட்டும். என்ஏவுக்கு அதே அளவு சான்று இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏஏ எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் இல்லை. 1975-ல் ஜீன் கிர்க்பாட்ரிக் என்கிற பெண், நொறுங்கிப்போனவளிடம் போய் இன்னும் தாழ்மை கேட்பதா என்று பெண்களுக்கென்று தனியாக ஒரு சங்கமே ஆரம்பித்தார். அதில் இந்தப் பன்னிரண்டு படிகள் கிடையாது.

இன்றைக்குப் போரூர், காட்டுப்பாக்கம் பக்கத்தில் இருபது வயதுப் பையன் குடியோடு நிற்பதில்லை. டேப்பன்டடால் என்கிற வலி மாத்திரையை வைத்துத் தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவன் ஏஏவுக்கு வந்தால் விரட்ட மாட்டார்கள். குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும் என்பதுதான் அங்கே ஒரே தகுதி. ஆனால் மாத்திரைக் கதையை முழுசாகச் சொல்ல அவனுக்கு என்ஏ அறைதான் தோது. அப்பா ஐம்பது வயதுக் குடிநோயாளி என்றால் அவருக்கு ஏஏ. அம்மா அல்-அனானுக்குப் போகலாம், அதற்கு இவர்கள் இரண்டு பேரும் திருந்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, எங்கேயாவது போக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.