பைன் காட்டுக் காற்றின் நீண்ட கணக்கு

தெற்குப் பின்லாந்தின் ஹ்யூட்டியாலாவில் 1962இல் விதைத்து வளர்த்த பைன் காடு ஒன்று இருக்கிறது. அதற்குள் நிற்கும் அளவீட்டுக் குடிலில் 1996 ஜனவரியிலிருந்து, காற்றில் மிதக்கும் நுண்துகள்களைக் கருவிகள் அளவு வாரியாக எண்ணிவருகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு கணக்கு. எண்ணிக்கை மூன்று நானோமீட்டர் துகளிலிருந்தே தொடங்குகிறது. நுண்துகள்களின் அளவுப் பரவலை இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து பதிவுசெய்த இடங்கள் உலகில் மிகச் சில.

இத்தகைய பணியை வெறும் கண்காணிப்பு என்று ஒதுக்கிவிட்டு, கருதுகோள் ஒன்றைச் சோதிக்கும் ஆய்வகப் பணிக்கு மட்டுமே ஆய்வு என்ற தகுதியைத் தரும் மனப்போக்கு அறிவியல் உலகில் வேரூன்றியிருக்கிறது. நிதி ஒதுக்கீடும் அதற்கேற்ப மூன்று, நான்கு ஆண்டுத் திட்டங்களாகவே வருகிறது. அந்தப் போக்கு தவறு என்பதற்கு ஹ்யூட்டியாலாவைவிட வலுவான சான்று தேட வேண்டியதில்லை.

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்கத் துகள்கள் பின்லாந்து வரை பரவின. காட்டியல் அறிஞர் பெர்ட்டி ஹரியும், ஏரோசால் எனப்படும் காற்று நுண்துகள்களை ஆராயும் இயற்பியலாளர்களும் கைகோக்க அந்த விபத்து ஒரு காரணமாயிற்று. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்து உருக்காலைகளின் கந்தகப் புகை லாப்லாந்துக் காடுகளை அழித்துவிடுமோ என்ற அச்சமும் அப்போது பரவலாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டிய வர்ரியோவில் ஸ்மியர் என்ற அளவீட்டு நிலைய வரிசையின் முதல் நிலையம் எழுந்தது. ஹ்யூட்டியாலா இரண்டாவது.

மாசு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கப் போனவர்களுக்குக் காடே துகள்களைப் பிறப்பிப்பது தெரியவந்தது. வெயில் அடிக்கும் வசந்தகால முற்பகலில், சற்று முன்புவரை இல்லாத மூன்று நானோமீட்டர்த் துகள்கள் திடீரெனப் பெருகும். மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் வளர்ந்து, மறுநாளுக்குள் ஐம்பது, நூறு நானோமீட்டரை எட்டும். அந்த அளவுக்கு வளர்ந்த துகளின் மேல்தான் நீராவி படிந்து மேகத்துளி உருவாகிறது. நேரத்தைக் கிடையாகவும் துகளின் அளவைச் செங்குத்தாகவும் வைத்து வண்ணப்படம் வரைந்தால், மேல்நோக்கி வளைந்த ஒரு பட்டை தெரியும். ஆய்வாளர்கள் அதை வாழைப்பழம் என்றே அழைக்கிறார்கள்.

ஒவ்வொரு நாளின் படத்தையும் கண்ணால் பார்த்து, துகள் பிறந்த நாள், பிறக்காத நாள் என்று பிரித்தார்கள். முதல் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாள் பிறந்த நாளாகப் பதிவாயிற்று. இரண்டிலும் சேராத நாள்களுக்கு ‘உறுதியற்றவை’ என்று தனி வகுப்பே வைத்தார்கள்; அதில் விழுந்த நாள்களும் ஏராளம். தரவை வளைத்து எண்ணிக்கையைக் கூட்டாத இந்த நேர்மையே பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளம் என்று சொல்ல வேண்டும்.

கருவி வேலைசெய்யும் விதம் எளியது. உறிஞ்சிய காற்றை உலர்த்தி, துகள்களுக்கு மின்னூட்டம் தந்து, மின்புலத்தில் செலுத்தி அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். கண்ணுக்கும் ஒளிக்கற்றைக்கும் சிக்காத அந்தத் துகள்களின் மேல் பியூட்டனால் ஆவியைப் படியவைத்துப் பெருக்கி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். சிக்கல் இதை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதில் இருக்கிறது. காற்றோட்டம் சற்றே பிசகினாலும் கருவியின் கோளாறு வளிமண்டலத்தின் மாற்றமாக வேடம் போட்டுவிடும். அதனால்தான் புதுக் கருவி வந்தாலும் பழையதை உடனே கழற்றாமல் இரண்டையும் சில காலம் அருகருகே ஓடவிட்டு ஒப்பிடுகிறார்கள். இந்த உழைப்புக்குக் கட்டுரைத் தலைப்புகளில் இடம் கிடைப்பதில்லை.

துகள் எதிலிருந்து பிறக்கிறது? கந்தக அமிலமும் நீரும் போதும் என்ற பழைய விளக்கம் காட்டில் கண்ட எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தில் நடக்கும் கிளவுட் சோதனை, அம்மோனியாவும் அமீன்களும் துகள் பிறப்பில் வகிக்கும் பங்கை 2011இலும் 2013இலும் காட்டியது. பைன் மரம் வெளியிடும் ஆல்ஃபா பைனீன் போன்ற ஆவிகள் ஓசோனோடு சேர்ந்து, எளிதில் ஆவியாகாத மூலக்கூறுகளாக நொடிப்பொழுதில் மாறித் துகள்களை வளர்ப்பது 2014இல் வெளியானது. விடை ஆய்வகத்தில் கிடைத்தது உண்மைதான். ஆனால் பழைய விளக்கம் போதாது என்பதைத் தெரிவித்தவை காட்டிலிருந்து வந்த எண்கள்.

சில வாரக் களமுகாம்களே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. வேதியியலை அறிய அவை உதவும்; போக்கை அறிய உதவா. ஐரோப்பாவில் கந்தக உமிழ்வு குறைந்துவந்ததால் துகள் பிறப்பும் குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1996 முதல் 2012 வரையிலான ஹ்யூட்டியாலா பதிவில் அப்படி நடக்கவில்லை. பிறப்பு வேகமும் வளர்ச்சி வேகமும் சற்றே கூடியிருந்தன. காடு சூடேறினால் மரங்களின் ஆவி கூடும், துகள்கள் கூடும், மேகம் வெளுத்து வெப்பத்தைச் சிறிது தணிக்கும் என்ற கருத்தையும் இத்தகைய நீண்ட பதிவுகளைக் கொண்டுதான் சோதிக்க முடிந்தது. தணிப்பு உலக அளவில் சிறிது, வட காடுகளில் அதைவிடக் கூடுதல்.

கோலாவின் நிக்கல் நகர உருக்காலை 2020 டிசம்பரில் மூடப்பட்டது. மூடுவதற்கு முன் அங்கிருந்து வந்த காற்று எப்படி இருந்தது என்பதை வர்ரியோவின் பதிவேடு சொல்லும். இன்று புதிதாக நிறுவும் எந்த நிலையமும் அதைச் சொல்லாது.

ஒரு காடு வடதிசைக் காடுகள் அனைத்துக்கும் பிரதிநிதி ஆகாது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஊசியிலைக் காட்டின் பெரும்பகுதி ரஷ்யாவிலும் கனடாவிலும் இருக்கிறது. நடு சைபீரியாவில், யெனிசெய் ஆற்றுப் பக்கம், 2006இல் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்த அளவீட்டுக் கோபுரம் ஒன்றை ரஷ்ய, ஜெர்மன் அறிஞர்கள் சேர்ந்தே எழுப்பினார்கள். 2022க்குப் பின் அந்த ஒத்துழைப்பு முடங்கியது. அறிவியலுக்கு இது பேரிழப்பு. உலகெங்கும் ஆயிரம் முழுநிலை அளவீட்டு நிலையங்கள் வேண்டும் என்று பின்லாந்து ஏரோசால் இயற்பியலாளர் மார்க்கு குல்மலா 2018இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்த எண்ணிக்கையை எட்டுவது தாமதமாகலாம். இருக்கும் நிலையங்களின் பராமரிப்பையாவது ஆய்வுத் திட்டங்களிலிருந்து பிரித்து, நிரந்தரச் செலவாக நிதி நிறுவனங்கள் ஏற்க வேண்டும்.