முழங்கால் வலிக்கு என்ன சாட்சி?

போரில் கையையோ காலையோ இழந்து வரும் வீரனுக்கு அரசு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இழப்பு கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன, முழங்கால் மட்டும் வலிக்கிறது, படி ஏற முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று ஒருவர் வந்து நின்றால்? எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால்? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்க ஏறத்தாழ 240 ஆண்டுகள் ஆகின!

முதலில் கண்ணுக்குத் தெரிந்த காயம்

அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த அதே 1776 ஆம் ஆண்டில், ஆகஸ்ட் மாதம், ஊனமுற்ற வீரர்களுக்கான முதல் தேசியச் சட்டம் வந்துவிட்டது. போரில் உறுப்பை இழந்தவருக்கும், பிழைப்புக்கு வழியில்லாமல் போனவருக்கும் பாதிச் சம்பளம் என்பது அதன் வாக்குறுதி. உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 இல், லிங்கன் காலத்தில் வந்த சட்டம் இதை விரிவாக்கியது. உடலுழைப்புக்கு முழுவதும் லாயக்கில்லாமல் போன சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். பாதிப்பு குறைவாக இருந்தால் அதில் ஒரு பங்கு. பின்னர் வந்த சட்டங்கள், கால் முழங்காலுக்கு மேலே போனதா கீழே போனதா என்று பார்த்துத் தனித்தனி விலை வைத்தன. சொல்லவே கஷ்டமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

பிறகு கோணம்

1917 இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அணுகுமுறை மாறியது. அந்த ஆண்டு திருத்தப்பட்ட போர் இடர் காப்பீட்டுச் சட்டம், ஒரு காயத்தால் சராசரி மனிதனின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறையும் என்று கணக்கிடச் சொன்னது. தனி ஆளின் உண்மையான சம்பள நஷ்டத்தை அது பார்க்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனிகள் போடும் கணக்கைப் போன்றதுதான் இதுவும். இதன் வழியில் வந்த 1945 ஆம் ஆண்டு அட்டவணைதான் பல திருத்தங்களுடன் இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

இந்த அட்டவணையில் முழங்காலுக்கு மட்டும் பல எண்கள் உண்டு. நல்ல முழங்கால் 140 டிகிரி வரை மடங்கும். அது 45 டிகிரியோடு நின்றுவிட்டால் 10 சதவீத ஊனம். 30 டிகிரியோடு நின்றால் 20 சதவீதம். 15 டிகிரிதான் மடங்கும் என்றால் 30 சதவீதம். நீட்ட முடியாமல் போவதற்கு வேறு எண். குருத்தெலும்பு விலகி மூட்டு அடிக்கடி பூட்டிக்கொண்டால் வேறு எண். அளப்பதற்குக் கோணமானி கட்டாயம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஒரு முழங்காலுக்கு 30, இன்னொன்றுக்கு 20 என்றால் நேராகக் கூட்டி 50 என்று சொல்ல மாட்டார்கள். முதல் 30 போக மீதி 70. அந்த 70 இல் 20 சதவீதம் 14. ஆக மொத்தம் 44. தேய்மானத்துக்கு நாம் போடும் குறைந்து செல் மதிப்பு முறையேதான்! இரண்டு காலும் பாதிக்கப்பட்டதால் அந்த 44 இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4.4 கூடுதலாகச் சேரும். 48.4 ஆகும். கடைசியில் பக்கத்துப் பத்துக்கு மாற்றி 50 என்று முடிப்பார்கள். மூட்டுத் தேய்மானத்துக்கும் தேய்மானக் கணக்கு.

கதவு மூடியிருந்த காலம்

சரி, அதிகாரி போட்ட சதவீதம் தவறு என்று தோன்றினால் என்ன செய்வது? நீண்ட காலம் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் பதில். 1933 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இந்த முடிவுகளை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. வக்கீல் வைக்கலாம் என்றால் அவருக்கு அதிகபட்சக் கட்டணம் 10 டாலர். அது 1864 இல் வைத்த வரம்பு. வீரர்களை வக்கீல்கள் சுரண்டக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் நூறு வருஷம் கழித்தும் அதே 10 டாலர் என்றால் எந்த வக்கீல் வருவார்?

1988 நவம்பரில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம்தான் இதை உடைத்தது. இந்த வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் உருவானது. வக்கீல் கட்டண வரம்பும் தளர்ந்தது. முழங்கால்களின் வரலாறு அதன் பிறகுதான் வேகம் பிடிக்கிறது.

கடைசியில் வலி

1995 இல் டிலூகா வழக்கில் அந்த நீதிமன்றம், மூட்டின் கோணத்தை மட்டும் குறித்துவிட்டுப் போகக் கூடாது என்றது. வலி, பலவீனம், சீக்கிரம் களைத்துப் போவது ஆகியவற்றால் எவ்வளவு இயக்கம் குறைகிறது என்பதையும் மருத்துவர் சொல்ல வேண்டும். 2016 இல் கொரேயா வழக்கில், கால் எடையைத் தாங்கும்போதும் தாங்காதபோதும் சோதிக்க வேண்டும் என்றது. மேசையில் படுத்து மடக்கும் முழங்காலும் படி ஏறும் முழங்காலும் ஒன்றல்லவே! 2017 இல் ஷார்ப் வழக்கில் இன்னொரு சாக்கும் அடிபட்டது. பரிசோதனை நாளில் வலி அதிகமாக இல்லை, அதனால் கருத்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் நழுவ முடியாது. வீரரின் சொல்லையும் பதிவேடுகளையும் வைத்து மதிப்பிட வேண்டும்.

ஆனாலும் ஒரு சுவர் மிச்சம் இருந்தது. நோய்க்கு ஒரு பெயர் கண்டுபிடிக்க முடியாத வெறும் வலி ஊனம் ஆகாது என்று 1999 இல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. 1987 முதல் 1994 வரை ராணுவத்தில் இருந்த ஒரு பெண்ணின் கோரிக்கை இதில்தான் முட்டி நின்றது. ராணுவத்தில் சேரும் முன் அவருக்கு முழங்கால் தொந்தரவு இல்லை. பணியில் இருந்தபோதே வலி தொடங்கியதற்குப் பதிவு இருந்தது. பணியால் வந்திருக்கலாம் என்று பரிசோதித்த மருத்துவரும் சொன்னார். ஆனால் வலிக்கு அடியில் ஒரு நோய் இல்லை என்று கோரிக்கை தள்ளுபடி ஆனது.

2018 ஏப்ரலில் சாண்டர்ஸ் எதிர் வில்கி என்ற அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. ஊனம் என்பது உடலின் செயல் குறைவதைக் குறிக்கும், அதன் காரணத்தை அல்ல. வலி ஒருவரின் செயல்திறனைக் குறைக்கிறது என்றால், நோயின் பெயர் தெரியாவிட்டாலும் அது ஊனம்தான். 'வலிக்கிறது' என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த வலியால் என்ன செய்ய முடியவில்லை என்றும் காட்ட வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 10 சதவீதத்துக்கு 2025 இல் மாதம் 175.51 டாலர்தான். ஆனால் முழங்கால் மடங்காமல் போவது, அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் அதிகம் காணப்படும் ஊனங்களின் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. முதுகில் மூட்டை சுமந்து ஓடியவர்கள், வண்டியிலிருந்தும் விமானத்திலிருந்தும் குதித்தவர்கள். குண்டு படாமல் வீடு திரும்பியவர்களும் இதில் உண்டு.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அடுத்தவர் வலியை அளக்கக் கருவி இல்லை. முதலில் வெட்டுப்பட்ட காலை நம்பினார்கள், பிறகு கோணமானியை நம்பினார்கள். வலியைச் சொல்கிற மனிதனின் வார்த்தையும் ஒரு சாட்சிதான் என்று ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை காலம் பிடித்தது.