தரிசு தழைத்த வரலாறு

காவிரி நாட்டாருக்கு வறட்சி என்பது பிறர் சொல்லக் கேட்ட செய்தியாகவே நெடுங்காலம் இருந்தது. என் ஊர் வலங்கைமான்; குடமுருட்டி பாயும் ஊர். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பின்னர், ஜூன் 12ஆம் நாள் அணை திறக்கும் வழக்கமே எங்கள் உழவாண்டின் தொடக்கமாயிற்று. ஆறு கொடுக்கும், வயல் விளையும் என்பதே எங்கள் நம்பிக்கை. ஆனால், ஆறே இல்லாத மேட்டு நிலம் யாரை நம்பி வாழும்? இக்கேள்விக்கு விடை தேடிச் சென்றவரும் தஞ்சை மண்ணிலேயே பிறந்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவர்தாம் கோ. நம்மாழ்வார். 1938ஆம் ஆண்டில் இளங்காடு என்னும் சிற்றூரில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றார். 1963இல் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். கோவில்பட்டியோ வானம் பார்த்த கரிசல் பூமி. அங்கே உரத்தின் அளவையும் பயிரின் இடைவெளியையும் மாற்றி மாற்றி ஆய்வுகள் நடைபெற்றன. மழையொன்றையே நம்பிய ஏழை உழவனுக்கு, விலை கொடுத்து வாங்கும் இடுபொருள்களால் என்ன பயன் என்று அவர் உள்ளம் வினவிற்று. 1969இல் அப்பணியைத் துறந்தார். பின்னர்க் களக்காட்டுப் பகுதியில் ‘அமைதித் தீவு’ என்னும் தொண்டு நிறுவனத்தின் வழியே பல்லாண்டுகள் சிற்றூர் மக்களிடையே உழைத்தார்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே உலகின் வேறு மூலைகளிலும் இவ்வினா எழுந்திருந்தது. ஜப்பானில் மசானபு ஃபுகுவோகா உழாமலே விளைவிக்கும் முறையைக் கைக்கொண்டார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் ஆகிய இருவரும் 1978ஆம் ஆண்டில் ‘பெர்மாகல்ச்சர்’ என்னும் கொள்கையை நூலாக வெளியிட்டனர். நிலைத்த வேளாண்மை என்று அதனை நாம் கூறலாம். காடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்வதுபோலப் பண்ணையும் வளர வேண்டும் என்பதே அதன் சாரம்.

தரிசை மீட்கும் முறையைச் சற்றே காண்போம். மொட்டை நிலத்தில் பெய்யும் மழை, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. ஆதலின் முதல் வேலை, ஓடும் நீரை நிறுத்துவது. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரப்பும், அதன் மேற்புறத்தில் பள்ளமும் அமைத்தால் நீர் தங்கி மண்ணுள் இறங்கும். அடுத்து, இலைதழைகளால் மூடாக்கு இட்டு வெயிலினின்றும் மண்ணைக் காக்க வேண்டும். தானியம், பயறு, எண்ணெய் வித்து, தழைப்பயிர் ஆகியவற்றைக் கலந்து விதைத்து, அவை வளர்ந்ததும் மடக்கி உழுதால் மண் உயிர் பெறும். வேலியோரம் மரங்கள் நின்றால் காற்றின் வேகம் தணியும். இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. பொறுமை ஒன்றே வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஒடுகம்பட்டியில் உருவான கொழுஞ்சிப் பண்ணையும், கரூர் மாவட்டத்துக் கடவூர் மலைகளின் நடுவே அவர் நிறுவிய வானகமும் இம்முறைக்குச் சான்றாகும். கொழுஞ்சி என்பதும் தரிசில் தானே முளைத்து மண்ணுக்கு உரமாகும் ஓர் எளிய செடியின் பெயரே.

வறண்ட நிலத்தில் கற்ற பாடம் தஞ்சைத் தரணிக்கே உதவும் நாளும் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்து வயல்களில் புகுந்து, மண்ணை உப்பாக்கிற்று. வயலில் வடிகால் வெட்டி, மழைநீரால் உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, உழவர்கள் தம் நிலத்தை மீட்டனர். அப்பணியில் நம்மாழ்வார் அவர்களுக்குத் துணைநின்றார். 2013 டிசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டை அருகே அவர் மறைந்தார். வானகத்து மண்ணே அவரை ஏற்றுக்கொண்டது.

மாணவ நண்பர்களே, இது மேட்டு நிலத்தார்க்கு மட்டும் உரிய வரலாறு என்று எண்ணிவிடலாகாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. ஆறு எங்களையும் காக்க வைத்தது. அப்போதுதான், எங்கள் முன்னோர் கைக்கொண்ட வழக்கமொன்றின் அருமை எனக்கு நன்கு விளங்கிற்று. நெல் அறுப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னரே, ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அறுவடையானதும் தாளுக்கிடையே அவை தலைநீட்டும். எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே விளைந்து, வேரால் மண்ணுக்குத் தழைச்சத்தும் தந்துவிடும். நிலம் ஒருநாளும் வெறுமையாய்க் கிடப்பதில்லை. நிலைத்த வேளாண்மை கூறுவதும் இதுவேயன்றோ? இன்றோ அறுவடை இயந்திரத்தின் சக்கரங்கள் அவ்விளம் முளைகளை நசுக்குகின்றன. உளுந்து தெளிப்பதையே கைவிட்ட வயல்களும் உண்டு.

ஒரு நிலம் செழிப்பதும் தரிசாவதும் எவ்வளவு நீர் வருகிறது என்பதால் மட்டும் முடிவாவதில்லை. வந்த நீர் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதையும் பொறுத்தது. கடவூரின் வறண்ட மண் தழைத்தது நீரைத் தங்கவைத்த மனிதரால். காவிரியின் வளமண்ணும் அதே கல்வியைப் பெறாவிடில், தரிசு என்னும் சொல்லை எங்கள் பிள்ளைகள் தம் வயல்களிலேயே கற்க நேரும்.