குடிலுக்கு வந்த யோடா

2011 நவம்பர் கடைசியில் அத்தான் கப்பலிலிருந்து சைன் ஆஃப் ஆகி குமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான முட்டம் வந்தபோது, சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே தட்டையான அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. ஹாம்பர்க்கில் கப்பல் நின்ற சமயம் கரையிறங்கி வாங்கினாராம். லெகோ நிறுவனத்தின் பெட்டி. ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்து அவர்கள் வெளியிட்ட முதல் திருவருகைக் கால நாட்காட்டி அதுதான். உள்ளே 1 முதல் 24 வரை எண் போட்ட சின்னச் சின்ன அட்டைக் கதவுகள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒரு கதவு. மொத்தம் 266 துண்டுகள்.

மருமகனுக்கு அப்போது எட்டு வயது. கோயிலில் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையே திருவருகைக் காலம் தொடங்கி முதல் மெழுகுதிரியும் ஏற்றியாகிவிட்டது. பெட்டியில் மட்டும் ஏன் 1ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும் என்று அவனுக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாத்தையும் இப்பமே தொறக்கட்டா மாமா?”

“ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மக்கா. அதுக்குத்தான் கதவு.”

சொல்லிவிட்டேனே தவிர, எதற்காகக் கதவு என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பெட்டி ஹாம்பர்க்கில் பிறந்ததல்ல, வெகு தூரம் நடந்து ஹாம்பர்க்குக்கு வந்தது என்று தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் வீடுகளில் வாசல் கதவின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் 24 கோடுகள் போடுவார்கள். நாளுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் அழிப்பார்கள். கோடுகள் தீர்ந்தால் கிறிஸ்து பிறப்பு. கெர்ஹார்ட் லாங் என்ற சிறுவனின் அம்மா இதை வேறு மாதிரி செய்தார். ஓர் அட்டையில் 24 சின்ன பிஸ்கட்டுகளை நூலால் தைத்துக் கொடுத்து, தினம் ஒன்று தின்னச் சொன்னார். அந்த அட்டையை லாங் மறக்கவில்லை. வளர்ந்து மியூனிக்கில் அச்சகப் பங்காளியானதும், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், 24 படங்களை வெட்டி ஒட்டும் நாட்காட்டி ஒன்றை அச்சிட்டார். திறக்கும் கதவுகள் வந்தது 1920ஐ ஒட்டி. அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது, காகிதத்துக்குப் பஞ்சம், தொழில் படுத்துவிட்டது. 1946இல் இடிபாடாகக் கிடந்த ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் என்பவர் மறுபடியும் அச்சிடத் தொடங்கினார். வீடுகள் இடிந்து கிடந்த ஊரில் காகிதக் கதவுகள் செய்து விற்ற அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கதவுக்குப் பின்னால் இருக்கும் பொருளின் கதை டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் ஒரு தச்சர். 1932இல், உலகமே பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது, மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்துச் சுருக்கியதுதான் லெகோ. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஆனால் அடுக்கினால் நிற்காமல் சரிந்துவிடும். கட்டையின் அடிவயிற்றில் குழாய்கள் வைத்து, மேல் குமிழ்கள் அவற்றின் இடையில் இறுகிப் பிடிக்கும்படி செய்தது மகன் கோட்ஃப்ரெட். 1958 ஜனவரி 28இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு மார்ச்சில் தச்சர் இறந்துபோனார். 1960இல் மர பொம்மைக் கிடங்கு எரிந்தது. அத்தோடு மரத்தையே விட்டுவிட்டார்கள். 1963இல் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1958இல் வார்த்த கட்டை இன்றைய கட்டையோடு அப்படியே பொருந்தும். தாத்தா வாங்கியதோடு பேரன் வாங்கியதைச் சேர்த்துக் கட்டலாம்.

1999இல்தான் ஸ்டார் வார்ஸ் உரிமத்தோடு செய்த கட்டைகள் வெளிவந்தன. வெளிப்படம் ஒன்றின் கதையை லெகோ தன் கட்டைகளுக்குள் விட்டது அதுவே முதல் முறை. பன்னிரண்டு வருடம் கழித்து, ஜெர்மன் அம்மாவின் பிஸ்கட் அட்டையும் டேனிஷ் தச்சரின் கட்டையும் அமெரிக்க விண்கலங்களும் ஒரே பெட்டியில் கூடி, அத்தானின் சூட்கேஸ் வழியாக எங்கள் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன.

அந்த 24 நாளும் வீட்டில் சாயங்கால ஜெபம் முடிந்ததும் கதவு திறப்பு. ஒரு கதவுக்குள் பத்து பன்னிரண்டு துண்டுகள் இருக்கும், சாம்பல் நிறமும் வெள்ளையும். என்ன செய்வது என்பதற்குக் கதவின் உள்பக்கம் சின்னப் படம் ஒன்றுதான் வழிகாட்டி. மருமகன் அதைப் பார்க்காமலே கட்ட முயல்வான். படத்தில் திரை நிறைய வரும் விண்கலம், இங்கே இரண்டு விரலுக்கு நடுவே அடங்கிவிடும். அது இன்ன கலம் என்று எதை வைத்துச் சொல்வது? எதிர்பாராமல் இந்த விளையாட்டில் கெட்டிக்காரராக இருந்தது அப்பாதான். ஸ்டார் வார்ஸ் படம் ஒன்றுகூடப் பார்த்தவரில்லை. ஆனால் கலங்கரை விளக்கத்துப் பாறைமேல் நின்றுகொண்டு, தொடுவானத்தில் எறும்பளவு தெரியும் வள்ளத்தின் அணியத்தைப் பார்த்தே இது இன்னாருடையது என்று சொல்லக்கூடியவர். மருமகன் தன் படப் புத்தகத்தை விரித்து வைப்பான். அப்பா உள்ளங்கையில் இருக்கும் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “நாலு செறகு விரிஞ்சி நிக்கி, மூக்கு நீளம். இதுதான்லே” என்று எக்ஸ்-விங் படத்தில் விரலை வைப்பார். ஒரு பொருளைச் சுருக்கிக்கொண்டே போனாலும் அழியாமல் நிற்கும் சில கோடுகள் இருக்கும். லெகோ வடிவமைப்பாளர்கள் அவற்றைத்தான் பிடித்திருந்தார்கள். கடலில் போகிறவர்களும் அவற்றைத்தான் பிடிக்கிறார்கள்.

24ஆம் கதவில் ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் குரு யோடாவின் பொம்மை இருந்தது. பச்சை முகம், நீளக் காது, கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கி. 1981இல், அந்தப் படங்களை எடுத்த லூகாஸ் ஃபிலிம் நிறுவனம் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு ரால்ஃப் மெக்குவாரி வரைந்த யோடாவும் கிறிஸ்துமஸ் தாத்தாவாகத்தான் இருந்தது. அதை மருமகன் நேரே குடிலுக்குக் கொண்டுபோனான். முளைக்க வைத்த புல்லுக்கு நடுவே இடையர்கள், ஆடுகள், ஞானிகள், காலியான தீவனத்தொட்டி. பாதிராப் பூசை முடிந்து பாலன் வரும்வரை தொட்டி காலியாகத்தான் இருக்கும். இடையர்களுக்குப் பின்னால் யோடாவை நிறுத்தினான். அக்கா எடுக்கப் போனாள். “அவனும் பாக்கத்தானே வந்திருக்கான், நிக்கட்டு” என்றாள் அம்மா.

அடுத்த வருடம் பெட்டியை வீசாமல் வைத்திருந்ததும் அம்மாதான். திறந்த கதவுகளைப் பசை வைத்து ஒட்டி, உள்ளே தேன்மிட்டாய், உலர்திராட்சை, ஒரு ரூபாய்த் துட்டு, கடற்கரையில் பொறுக்கிய சோவி என்று 24 சாமான் போட்டுக் கொடுத்தாள். லாங்கின் அம்மாவைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ஐந்து டிசம்பர் அப்படியே ஓடியது.

2017இல் பெட்டி பரணிலிருந்து இறங்கவில்லை. நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. முதல் கதவைத் திறக்க வேண்டிய நாளில் மாவட்டத்துக் கடற்கரை முழுக்க ஜனங்கள் கடலைப் பார்த்து நின்றார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவர்களில் திரும்பாதவர்கள் பலர். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ஸ்டார் தொங்கவில்லை. எத்தனையாவது நாளில் முடியும் என்று எண் போடாத காத்திருப்பு அது. அதற்கு மேல் அந்த டிசம்பரைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

கட்டைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. 266 துண்டும் இல்லை. 2012 கோடை விடுமுறையில் மருமகன் எக்ஸ்-விங்கைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு, ஒரு சிறகைத் தொலைத்துவிட்டு வந்தான். நாங்கள் இரண்டு பேரும் இருட்டும்வரை மணலை அளைந்தோம். கிடைக்கவில்லை. போனால் போகிறது, ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டுதானே என்று விட்டுவிட்டேன்.

அது போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1997 பிப்ரவரி 13 அன்று ராட்டர்டாமிலிருந்து நியூயார்க் போன டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பலை இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் பேரலை ஒன்று அடித்தது. 62 கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அதில் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள். அவற்றில் பல கடல் சாமான்களாகவே இருந்தன: 4,200 ஆக்டோபஸ், 13,000 மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கி, 4 லட்சத்துக்கும் மேல் நீச்சல் துடுப்புச் செருப்பு. கார்ன்வால் கரையில் அவை இன்னும் ஒதுங்குகின்றன. பட்டியல் எழுதி வைத்துச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கரை ஒதுங்கிய பழைய கட்டைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்து பார்த்த பிளிமத் பல்கலைக்கழகத்தார், ஒரு கட்டை கடலில் 100 முதல் 1,300 ஆண்டுவரை கிடக்கக்கூடும் என்று 2020இல் கணக்குச் சொன்னார்கள். எங்கள் எக்ஸ்-விங்கின் சிறகு இந்த மணலில்தான் எங்கோ இருக்கிறது.

2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. சில நாளில் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பயறளவு வெள்ளைக் குருணைகள் அலையோடு வந்து ஏறின. வாளி, குடம், மிட்டாய் உறை எல்லாம் ஆவதற்கு முன்னால் பிளாஸ்டிக்கின் உருவம் இதுதான். லெகோ கட்டையும் வேறு வகைக் குருணையாகத்தான் ஆலைக்குள் போகிறது. உருக்கி அச்சில் வார்த்தபின்தான் கட்டை. மருமகன் இப்போது கப்பல் பொறியியல் படிக்கிறான். லீவில் வந்திருந்தவன் கூட்டாளிகளோடு போய், பெண்கள் மாவு சலிக்கும் சல்லடையால் நாள் முழுக்க மணலை அரித்தான். ராத்திரி வந்து, சட்டைப் பையில் ஒட்டியிருந்த பத்துப் பதினைந்து மணிகளை மேசையில் தட்டினான்.

“மணலை அரிக்கயில எல்லாம் அந்தச் செறகு நெனப்புதான் மாமா.”

மணிகளை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடி, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தான். டிசம்பரில் குடில் கட்ட டப்பாவைத் திறந்தபோது குப்பிக்குப் பக்கத்தில் யோடா கிடந்தது. ஒரு கை இல்லை, அங்கியின் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அம்மா அதை முந்தானையால் துடைத்து, எப்போதும்போல இடையர்களுக்குப் பின்னால் நிறுத்தினாள்.