கலமும் உருளையும்: ஏர்பேடு – காளத்தி வட்டாரக் கலங்காரித் தொழிலில் நுட்பமாற்றம்

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் திருக்காளத்திக்கு முன்னதாக அமைந்துள்ள ஊர் ஏர்பேடு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 ஏப்ரலில் தோன்றிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. 2015இல் தொடங்கப்பெற்ற திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிலையான வளாகம் இங்கேயே உள்ளது. ஆயினும் இவ்வட்டாரத்தின் தொழில்நுட்ப வரலாறு அவ்வளாகத்தோடு தொடங்கியதன்று. பெரியபுராணம் பயின்றோர் பொன்முகலி என அறியும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில், காளத்தியில், மூங்கில் குச்சியால் துணியில் ஓவியம் தீட்டும் கலங்காரித் தொழில் நெடுங்காலமாக நிலவி வருகிறது.

இத்தொழிலின் வேதியியல் நுண்மையானது. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் தடுக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் புளிக்கவைத்துப் பெறும் கரைசலைத் தொட்டு வரைந்தால், அது கடுக்காயின் துவர்ப்போடு கூடிக் கருங்கோடாகும். செந்நிறம் வேண்டும் இடங்களில் படிகாரம் பூசி, சாயவேரோ மஞ்சிட்டியோ இட்டுக் கொதிக்க வைப்பர். நீலத்திற்கு அவுரி. ஒவ்வொரு நிலைக்குப் பின்னும் ஓடும் நீரில் அலசவேண்டும். எனவே ஆறும் இத்தொழிலின் கருவிகளுள் ஒன்றெனக் கருதத்தகும்.

இயந்திரம் வந்தது, கைத்தொழில் அழிந்தது என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்று முழுமையானதன்று. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளுக்கு எதிராக இங்கிலாந்து நாடாளுமன்றம் 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் தடைச்சட்டங்கள் இயற்றியது. தாமசு பெல் உருளை அச்சு முறைக்கு உரிமம் பெற்றது 1783இல்தான். சட்டம் முன்னே சென்றது. உருளை பின்னே வந்தது.

சாயத்தின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் செருமானிய அறிஞர் இருவர் அலிசரின் என்னும் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். இம்பூறல் எனவும் வழங்கும் நம் சாயவேரில் உள்ள செம்பொருளும் அலிசரினே. ஆகவே இயற்கைச் சாயம் மெய், செயற்கைச் சாயம் பொய் என்னும் பாகுபாடு இங்கு அத்துணைப் பொருந்துவதில்லை. மாறியது பொருளன்று, உழைப்பு. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் ஆட்சியாளர் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அளவுக்குச் சாயவேர் அகழ்வு வருவாய் தந்தது. ஆலைச் சாயம் வந்தபின் வேர் அகழ்வோர்க்கு வேலையில்லாது போயிற்று. துணி எழுதுவோரைப் பற்றி எழுதிய அளவுக்கு இவர்களைப் பற்றி நம் ஆய்வுலகம் எழுதவில்லை என்பது குறையே.

நலிவுற்ற காளத்திக் கலங்காரிக்கு விடுதலைக்குப் பின்னர் கமலாதேவி சட்டோபாத்தியாயர் தலைமையிலான அனைத்திந்தியக் கைவினை வாரியத்தின் ஆதரவு கிட்டியது. இவ்வூர் ஓவியர் குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. அதற்கு முன்பே, 2005–06இல், இக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எனினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றிக் கோட்டைக் காப்பதில்லை. அதே மயிலும் அதே கொடியும் திரை அச்சிலும் கணினி அச்சிலும் வெளிவந்து 'கலங்காரி வடிவம்' என்ற பெயரில் விலைபோகின்றன.

கைபேசியின் பங்கு இருமுகமுடையது. இடைத்தரகரின்றி வெளியூர் வாங்குவோரை எழுதுநர் அடைய அது வழி செய்கிறது. ஆனால் கையால் எழுதிய கோட்டின் தடிப்பும் மெலிவும், பாலின் மெல்லிய மணமும், துணியின் பின்புறம் சாயம் ஊறிய தடமும் கைபேசித் திரையில் புலப்படா. பல நாள் உழைப்பில் உருவான துணியும் சில நிமிடங்களில் அச்சேறிய துணியும் அங்கே ஒரே அளவுப் படங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. அருகில் விலை மட்டுமே வேறுபடுகிறது.