ஸ்கில் டெஸ்ட் என்றாலே ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

‘வரும் வெள்ளிக்கிழமை ஸ்கில் அசெஸ்மென்ட். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்.’ இப்படி ஒற்றை வரியில் ஒரு மெயிலோ, வாட்ஸ்அப் தகவலோ வந்தால் போதும். பத்து வருஷமாக அதே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவருக்கும் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். ‘எதுக்குக்கா திடீர்னு டெஸ்ட் வைக்கிறாங்க... ஆளைக் குறைக்கப் போறாங்களா?’ என்பதுதான் கம்பெனி பஸ்ஸில் முதல் பேச்சாக இருக்கும். கேள்விகள் சுலபமா, கஷ்டமா என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஆக, பயம் கேள்வித்தாளைப் பார்த்து அல்ல. அந்த மார்க் யார் கைக்குப் போகும், அதை வைத்து என்ன செய்வார்கள் என்பது தெரியாததால்தான். இது புரியாத நிர்வாகங்கள் டெஸ்ட் நடக்கும் அறையில் பலூன் கட்டுகின்றன, சாக்லேட் கொடுக்கின்றன, ‘ஸ்கில் திருவிழா’ என்று பேனர் வைக்கின்றன. பேனரைப் பார்த்தால் பயம் கூடத்தான் செய்யும்!

தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் வளாகம், ஓ.எம்.ஆரின் ஐ.டி அலுவலகங்கள், மறைமலை நகர், ஒரகடம் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகள் என்று தென்சென்னைப் புறநகரில் வேலைக்குப் போகிற பலருக்கும் இந்த டெஸ்ட் பழக்கமான விஷயம். ஆனால், இதே வட்டாரத்தில் ஊழியர்களே விரும்பிக் கேட்கிற ஒரு டெஸ்ட்டும் இருக்கிறது.

தாம்பரத்தில் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் கார் ஷெட்டைக் கடந்துபோயிருப்பீர்கள். ரயில்வேயில் டெக்னீஷியன்கள் ஒரு கிரேடிலிருந்து அடுத்த கிரேடுக்குப் போக ‘டிரேட் டெஸ்ட்’ எழுத வேண்டும். எழுத வேண்டும் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அதில் முக்கியம் கைவேலைதான். ஃபிட்டர் என்றால் ஃபிட்டர் வேலை, வெல்டர் என்றால் வெல்டிங். கூடவே வாய்மொழியாகச் சில கேள்விகள். எதைச் சோதிப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். தேறினால் கிரேடு உயரும், சம்பளம் உயரும். அதனால்தான் அங்கே ‘ஏன் இன்னும் டிரேட் டெஸ்ட் வைக்கலை?’ என்று சங்கங்கள் கேட்கின்றன. தேறினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் டெஸ்ட்டின் முகமே மாறிவிடுகிறது.

சுவரில் தொங்கும் வட்டங்கள்

உற்பத்தி நடக்கும் பல தொழிற்சாலைகளில் ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்று ஒரு போர்டு தொங்கும். ஆளுக்கு ஒரு வரிசை, வேலைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் நிரம்பியிருந்தால் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார் என்று அர்த்தம். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேர்ந்தவர். இடத்துக்கு இடம் இது கொஞ்சம் மாறும். பாஸ், ஃபெயில் என்ற பேச்சே இதில் இல்லை என்பதுதான் இதன் அழகு. எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால், இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எல்லா வட்டமும் நிரம்பியவரைத்தான், யார் லீவு போட்டாலும் அந்த இடத்துக்கு அனுப்புவார்கள். ‘தெரியும்னு காட்டினா வேலைதான் கூடும், காசு கூடாது’ என்று புரிந்துகொண்டவர் அடுத்த முறை வேண்டுமென்றே தடுமாறுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு வேலை தெரிந்தவருக்குச் சின்னதாக ஓர் அலவன்ஸாவது தராத இடத்தில், எந்த டெஸ்ட்டுக்கும் நல்வரவு கிடைக்காது.

இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்காவில், தொழிற்சாலைக்குப் புதிதாக வந்தவர்களை வேகமாகத் தயார்செய்ய ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்கும் போனது. தொழிலாளி கற்கவில்லை என்றால், சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. அதாவது, மார்க் குறைந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் டிரெயினர். நம் ஊரில் இதை எத்தனை மேனேஜர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்பது வேறு கதை.

சோதிப்பது கைத்திறனையா, ஆங்கிலத்தையா?

சால்டரிங்கில் ஒரு புள்ளி பிசகாத பெண்ணை டேப்லெட் முன்னால் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் இருபது கேள்வி கொடுத்தால் அவர் திணறத்தான் செய்வார். அங்கே அளக்கப்படுவது சால்டரிங் அல்ல. கேள்வியைத் தமிழில் கொடுங்கள். முடிந்தால் அவர் தினமும் உட்காரும் மேஜையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் இந்தி, ஒடியா பேசுகிறவர்களும் லைனில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே நியாயம்தான்.

நேரமும் முக்கியம். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குக் காலையில் டெஸ்ட் வைத்தால், தெரியவருவது தூக்கக் கலக்கம் மட்டுமே. ஷிஃப்ட் முடிந்த பிறகு என்றால், சிங்கப்பெருமாள்கோவில் போக வேண்டியவருக்கு எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்கிற கவலை, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையின் கவலை. வேலைக்காக வைக்கிற டெஸ்ட்டை வேலை நேரத்தில், சம்பளத்தோடு வைப்பதுதான் முறை.

பதற்றத்துக்குக் கைவசம் ஒரு வைத்தியமும் இருக்கிறது. பரீட்சைக்கு முன்னால் பத்து நிமிடம் தங்கள் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மார்க் எடுத்ததை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாத விஷயம், செய்து பார்க்கலாம். அதேபோல, திரும்பத் திரும்பப் படிப்பதைவிட சின்னச் சின்ன டெஸ்ட் எழுதினால் படித்தது அதிக நாள் நிற்கும் என்று 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் காட்டினார்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய டெஸ்ட் என்பதைவிட, மாதம் ஒருமுறை மார்க் பதிவாகாத பத்து நிமிட டெஸ்ட் இருந்தால் பயமும் பழகிப்போகும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

‘கேட்டா தப்பா நினைப்பாங்களோ’ என்று தயங்க வேண்டாம். தனியாகக் கேட்கச் சங்கடமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். ‘சார், இந்த மார்க் டிரெயினிங்குக்கு மட்டுமா, அப்ரைசலுக்கும் போகுமா? என்னென்ன கேட்பீங்க, மாதிரிக் கேள்வி கிடைக்குமா? சரியா வரலைன்னா மறுபடி எப்போ எழுதலாம்?’ இந்த மூன்றுக்கும் மெயிலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு என்று சொல்லி வாங்கிய மார்க்கை அப்ரைசல் ஃபைலில் ஒருமுறை செருகிவிட்டால், அடுத்த பத்து டெஸ்ட்டுக்கு யாரும் உண்மையாக உட்கார மாட்டார்கள். இது ஹெச்.ஆர். துறைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சர்ட்டிஃபிகேட் இல்லாமல் கைப்பழக்கத்தில் தொழில் கற்ற டெய்லர், எலெக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2015-ல் தொடங்கிய பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனா திட்டத்தில், ஏற்கெனவே உள்ள திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல் என்ற பிரிவு இருக்கிறது. கம்பெனி மாறினாலும் அந்தச் சான்றிதழ் உங்களோடு வரும். உங்கள் நிறுவனத்தில் அதற்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.

ரிசல்ட் வரும்போதும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மார்க் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். அதைத் தனித்தனியாக, ஒரு வாரத்துக்குள், ‘இந்த இடம் நல்லா வருது, இதுக்கு ரெண்டு நாள் டிரெயினிங் போட்டிருக்கேன்’ என்று எதிரே உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளுக்கான தேதியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.